கர்த்தருடைய சத்தத்தை அடையாளம் காண்பது எப்படி: நான் சறுக்கிய இடத்திலிருந்து ஒரு செய்முறை

2021 ஜூனில் லீசுக்கு வீடு தேடிக்கொண்டிருந்தோம். தண்டையார்பேட்டையில் இருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை. வியாசர்பாடியில் ஒரு வீடு பார்த்தோம். தரைத்தளம், இரண்டு ரூம், நான்கு லட்சம், மூன்று வருடம். அன்று காலை நான் வாசித்தது யோசுவா முதல் அதிகாரம். "உங்கள் காலடி மிதிக்கும் எவ்விடத்தையும் உங்களுக்குக் கொடுத்தேன்" என்ற இடத்தில் கண் நின்றது. அந்த வீட்டுக்குள் கால் வைத்ததும் உடம்பு சிலிர்த்தது. கர்த்தர் காட்டிய வீடு இதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். புரோக்கர் வேறு, "சாயந்திரத்துக்குள்ள அட்வான்ஸ் கொடுக்கலன்னா வேற பார்ட்டி ரெடியா இருக்கு" என்றார். மாமியார் மட்டும் கீரை ஆய்ந்துகொண்டே, "ஒரு நல்ல மழை பெஞ்சதும் போய்ப் பாத்துட்டு வாம்மா" என்றார். அதை அவிசுவாசம் என்று தள்ளிவிட்டேன்.

நவம்பர் மழையில் முழங்கால் வரை தண்ணீர் உள்ளே வந்தது. மெத்தை, பிள்ளைகளின் புத்தகம், பீரோவின் அடித்தட்டில் இருந்த துணி எல்லாம் போயின. "இங்க வருஷா வருஷம் வரும். எங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்போமே" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அன்று இரவு மொட்டை மாடியில் உட்கார்ந்து, "நீர்தானே கொடுத்தீர்" என்று கர்த்தரிடம் அழுதேன். அப்போது மனதில் வந்தது மாமியாரின் அந்த ஒரு வரிதான். கர்த்தர் பேசியிருந்தார். நான்தான் அவர் சத்தம் கீரைக் கட்டுக்குப் பக்கத்திலிருந்து வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நிதானமாகக் கற்றுக்கொண்டதை, புதிதாக விசுவாசத்துக்குள் வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். ஜெபிப்பது எப்படி, வேதத்தை எங்கே வாங்குவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: இடமும் நேரமும்

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று மத்தேயு 6:6 சொல்கிறது. எங்கள் பக்கத்தில் ஐந்து பேர் ஒரே ரூமில் படுத்திருப்போம். அதனால் மாடிப்படியில் மேலிருந்து மூன்றாவது படிதான் என் அறைவீடு. காலை ஐந்து மணி. தண்ணீர் லாரி வரும் நாளில் நாலரை. உங்களுக்கு ரயில் ஜன்னல் ஓரம்தான் கிடைக்கும் என்றால் அதுவும் சரி. கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் ஒரு சங்கீதத்தை நிதானமாக வாசித்துவிடலாம்.

படி 2: தொடர்ச்சியாக வாசியுங்கள்

சிறுமியாக இருந்தபோது அத்தையோடு காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போவேன். விடியற்காலை ஏலத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பேர் விலை கூவுவார்கள். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். அத்தை எனக்கு இடியாப்பம் பிரித்துக் கொடுத்துக்கொண்டே சட்டென்று ஒரு பக்கம் திரும்பி ஓடுவார். தான் வழக்கமாக வாங்கும் ஏலக்காரரின் குரல் அது. "எப்படித்தே தெரியுது?" என்று கேட்டால், "தினம் கேக்கறேன்ல" என்பார். "என் ஆடுகள் என் சத்தத்திற்குச் செவிகொடுக்கிறது" என்று யோவான் 10:27-ல் இயேசு சொன்னதும் இப்படிப் பழகிய காதைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பழக்கம் வர ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பதை விட்டுவிடுங்கள். வசன அட்டைகள் வைத்த வாக்குத்தத்தப் பெட்டியிலிருந்து அட்டை எடுப்பது ஆறுதலுக்குச் சரி, முடிவெடுக்க வேண்டாம். நான் யோசுவாவை வாசித்தபோது அதற்கு முந்தின வசனத்தைக் கவனித்திருந்தால் போதும். மோசே இறந்த பிறகு, யோர்தானைக் கடந்து கானானுக்குள் போகவிருந்த ஜனங்களுக்குச் சொன்ன வார்த்தை அது. கர்த்தர் உண்மையுள்ளவர் என்று அதிலிருந்து நான் தைரியம் எடுக்கலாம். வியாசர்பாடி வீட்டுக்கு லீஸ் பத்திரமாக அதை எடுத்தது என் தவறு.

எதில் வாசிப்பது என்று கேட்டால், அச்சிட்ட வேதம்தான் என் கட்சி. போனில் வாசித்தால் இரண்டாம் வசனத்திலேயே வாட்ஸ்அப் கூப்பிடும். மனப்பாடத்துக்குப் பழைய மொழிபெயர்ப்பு. புரியாத இடத்தில் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். கத்தோலிக்கர்கள் வைத்திருப்பதுதானே என்று சிலர் தயங்குவார்கள். எனக்கு எரேமியா புரிந்ததே அதை வைத்துத்தான்.

படி 3: கர்த்தரிடம் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்

பத்து நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் கேஸ் சிலிண்டர், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் வரிசையாக வரும். வரட்டும், ஒரு துண்டுத்தாளில் குறித்து ஒதுக்குங்கள். அதற்குப் பின் மனதில் தங்குவதை நோட்டில் எழுதுங்கள். நான் லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு கோடு, இடதுபக்கம் தேதியும் கேட்டதாகத் தோன்றியதும், வலதுபக்கம் காலி. என்ன நடந்தது என்று பிறகு அங்கே எழுதுவேன். "கர்த்தர் சொன்னார்" என்று எழுத மாட்டேன், "கர்த்தர் சொல்வதாக நினைக்கிறேன்" என்றுதான் எழுதுவேன். இந்த ஒரு சொல் மாற்றம் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

படி 4: சோதித்துப் பாருங்கள்

நான் விழுந்த குழி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சோதிப்பது அவிசுவாசம் என்று நினைத்திருந்தேன். வேதமே சோதிக்கச் சொல்கிறது. "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்பது 1 தெசலோனிக்கேயர் 5:21. பவுல் பிரசங்கித்ததையே பெரோயா ஊரார் தினமும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அவர்களை அப்போஸ்தலர் 17 பாராட்டுகிறது.

பொதுவாக நாம் பார்க்கும் அடையாளம் இரண்டு: கதவு திறந்தது, மனதில் சமாதானம் இருந்தது. யோனாவைப் பாருங்கள். நினிவேக்குப் போகச் சொன்ன கர்த்தருக்கு விலகி ஓடினவனுக்கு யோப்பா துறைமுகத்தில் தர்ஷீசுக்குப் போகும் கப்பல் தயாராக இருந்தது, அவன் கையில் கூலியும் இருந்தது. புயல் அடிக்கும்போதும் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். திறந்த கதவும் நிம்மதியான தூக்கமும் கீழ்ப்படியாதவனுக்கும் கிடைத்தன. கெத்செமனேயில் பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவருக்கோ வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகள் போல விழுந்தது. ஆகவே சமாதானத்தை மட்டும் தராசாக வைக்காதீர்கள்.

அதே யோப்பாவில் இன்னொருவரைப் பாருங்கள், பேதுரு. ராயப்பர் என்று எங்கள் ராயபுரத்துக்கே பெயர் தந்தவர் என்று சொல்வார்கள். தோல் பதனிடும் சீமோன் வீட்டு மேல்வீட்டில் ஒரே தரிசனத்தை மூன்று தரம் பார்த்தார். பார்த்தும், இதற்கு என்ன அர்த்தம் என்று தனக்குள் குழம்பிக்கொண்டிருந்தார். ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு அனுப்பிய ஆட்கள் வாசலில் வந்து நின்ற பிறகுதான் விளங்கத் தொடங்கியது. அப்போதும் தனியாகப் போகவில்லை, ஆறு சகோதரர்களைக் கூட்டிக்கொண்டு போனார். அப்போஸ்தலர் 10, 11 இரண்டையும் ஒரே மூச்சில் வாசியுங்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். எழுதியது வேதத்தின் முழுப் போக்கோடு ஒத்துப்போகிறதா, இயேசுவின் சுபாவம் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். அவசரப்படுத்தினால் தள்ளிவைப்பேன். "இன்றைக்கே, இப்பவே, யாரிடமும் சொல்லாதே" என்று விரட்டும் குரல் என் அனுபவத்தில் பெரும்பாலும் என் பயமாகவோ ஆசையாகவோ இருந்திருக்கிறது. அப்புறம், இரண்டு பேரிடம் கேட்பேன். ஒருவர் ஜெபிக்கிறவர், இன்னொருவர் அந்த விஷயம் தெரிந்தவர். வீடு என்றால் அந்தத் தெருவில் பத்து வருடம் குடியிருப்பவர். மழைத்தண்ணீர் எங்கே நிற்கும் என்பதை அவர் வாயாலேயே கர்த்தர் சொல்லலாம்.

சிறுவன் சாமுவேலும் இப்படித்தான் பழகினான். கர்த்தர் கூப்பிட்டபோது ஆசாரியன் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று மூன்று தரம் ஓடினான். அவனை யாரும் திட்டவில்லை. கண் மங்கிப்போன ஏலிதான் மூன்றாம் தரத்தில் கண்டுபிடித்து, "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார். உங்களுக்கும் ஒரு ஏலி வேண்டும். மேடையில் பேசுகிறவரைத் தேடாதீர்கள், உங்கள் பெயரும் உங்கள் வீட்டு நிலவரமும் தெரிந்த ஒரு பாட்டி கிடைத்தால் விடாதீர்கள்.

படி 5: சிறியதில் கீழ்ப்படியுங்கள்

தங்கையிடம் மன்னிப்புக் கேள், பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொடு. இந்த மாதிரி வருவதற்குச் சோதனை தேவையில்லை, செய்துவிடுங்கள். தவறினாலும் நஷ்டம் ஒரு கிண்ணம் குழம்புதான்.

பின்சேர்க்கை: வந்த கேள்விகள்

"உனக்கு மன்னிப்பே இல்லை என்று ஒரு குரல் வருகிறது, அது கர்த்தரா?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். இல்லைம்மா. பரிசுத்த ஆவியானவர் உணர்த்தும்போது குறிப்பாகச் சொல்வார்: நேற்று இவரிடம் பொய் சொன்னாய், போய்ச் சரிசெய். வழியும் கூடவே இருக்கும். நீ உதவாதவள் என்று மொத்தமாக அமுக்கும் குரலுக்கு, "ஆக்கினைத்தீர்ப்பில்லை" என்று சொல்லும் ரோமர் 8:1-ஐ வாய்விட்டு வாசியுங்கள்.

இன்னொருவர், காதில் நிஜமாகவே சத்தம் கேட்கிறது, தன்னைக் காயப்படுத்தச் சொல்கிறது என்று எழுதினார். இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி இருந்தால் இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். மருந்து எடுப்பதும் ஜெபிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. நானும் உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

"மூன்று மாதமாக எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை" என்ற தம்பிக்கு: நோட்டை மூடி வையுங்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. இயேசு யாரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள், உங்கள் கேள்வி எதையும் எடுத்துப் போகாதீர்கள். முடித்ததும் எழுதுங்கள், பேசுவோம்.