நெல்லை வெயிலில் ஒரு கடல்: வீட்டில் பெரிய பவளத் தொட்டி அமைக்கும் முறை

பாளையங்கோட்டையிலோ பேட்டையிலோ ஒரு வீட்டின் கூடத்தில் ஆறடி நீளக் கடல்நீர்த் தொட்டி வைக்க நினைப்பவர், மீனையும் விளக்கையும் பற்றி யோசிக்கும் முன்பே வெயில், தண்ணீர், மின்தடை ஆகிய மூன்றுக்கும் விடை கண்டிருக்க வேண்டும். கருவிகளுடன் வரும் கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டருக்கு அவை ஒதுக்கும் இடத்தை நாம் குளிர்விப்பதற்கு ஒதுக்க வேண்டியிருக்கிறது.

அதற்கும் முன்னால் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் தொட்டியில் எதை வைக்கலாம் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் கடினப் பவளங்கள், கரும்பவளம், கடல்விசிறி ஆகியவை 2001-இல் சேர்க்கப்பட்டன. கடல்குதிரைக்கும் கடல் அட்டைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. தூத்துக்குடி நமக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். அங்கிருந்து ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகள் 1986-இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் ஒரு காரணமாக விலாங்குச்சல்லித் தீவு இன்று நீருக்கடியில் இருக்கிறது. எனவே ‘கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை’ (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பவளப்பாறைத் துண்டு) என்று யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கக் கூடாது. நம் தொட்டி உயிரில்லாத உலர்பாறையும், பண்ணையில் துண்டு வைத்து வளர்த்த தோல் பவளம், காளான் பவளம் போன்ற மென்பவளங்களும், குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்களும் கொண்டதாக இருக்கட்டும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன் இனப்பெருக்கத்தில் நெடுநாள் பணிசெய்திருக்கிறது. வளர்ப்பில் பிறந்த மீன் வாங்கிய நாளிலிருந்தே தீனிக்குப் பழகியிருக்கும் என்பதால் தொடங்குபவருக்கும் அதுவே நல்லது.

இனித் தொட்டி. நீளம் 180, அகலம் 75, உயரம் 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் கொள்ளளவு 810 லிட்டர். 15 மி.மீ. கண்ணாடியில் கட்டினால் கண்ணாடியே 160 கிலோவுக்கு மேல் வரும். நீர், பாறை, மணல், தாங்கி எல்லாம் சேர்ந்து ஒரு டன்னைத் தாண்டும். குடியிருப்பு வீட்டின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகிறது. இந்தத் தொட்டியோ அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் அழுத்தும். ஆகவே தரைத்தளத்தில், மண் நன்றாக இறுகிய இடத்தில், மேற்கு வெயில் படாத சுவரை ஒட்டி வைக்க வேண்டும். மாடியில்தான் வைப்பேன் என்பவர் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. இரும்புத் தாங்கி உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். நம் ஊரில் நல்ல கொத்தனார் கிடைப்பதால், செங்கல் தூண்கள் எழுப்பி அவற்றின்மேல் கனமான கருங்கல் பலகையை மட்டம் பார்த்துப் பதிப்பதையே நான் விரும்புகிறேன். கண்ணாடியை ஒட்டப் பூஞ்சைக்கொல்லி கலவாத சிலிக்கோன் வேண்டும். ஒட்டியபின் ஒரு வாரம் காயவிட்டு, முற்றத்தில் வைத்து மறுவாரம் முழுவதும் நீர் நிரப்பிக் கசிவு பார்த்த பிறகே கூடத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

தொட்டிக்குக் கீழே 150 முதல் 200 லிட்டர் கொள்ளும் சம்ப் தொட்டி வரும். மேல்தொட்டியின் விளிம்பில் வழியும் நீர் குழாய் வழியாக இதில் இறங்கி, புரோட்டீன் ஸ்கிம்மரில் கழிவு நுரையாகப் பிரிந்தபின், ரிட்டர்ன் பம்ப் மூலம் மேலேறுகிறது. மணிக்கு நான்கைந்து முறை நீர் சுழன்றால் போதும்; பவளங்களுக்கு வேண்டிய வேகமான நீரோட்டத்தைத் தொட்டிக்குள் வைக்கும் வேவ் மேக்கர்கள் தரும். இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் நின்றவுடன் மேல்தொட்டியின் நீர்மட்டம் ஒரு செ.மீ. இறங்கினாலே 13 லிட்டருக்கு மேல் சம்ப்புக்கு வந்து சேரும். அத்தனையையும் தாங்க சம்ப்பில் வெற்றிடம் இருக்க வேண்டும். பம்ப் நின்றதும் ரிட்டர்ன் குழாய் வழியே நீர் தொடர்ந்து கீழே இறங்காதிருக்க, அதன் வாய்க்கு அருகே, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, காற்று புகுந்து உறிஞ்சலை முறிக்கும் சிறு துளையும் இருக்க வேண்டும். என் முதல் தொட்டியில் அந்தத் துளையைப் பாசி அடைத்திருந்ததை நான் பார்க்கவில்லை. நள்ளிரவில் மின்சாரம் போய், விடியும்போது கூடம் முழுவதும் உப்புநீர் நின்றது. அன்று முதல் மாதந்தோறும் துளையைக் குத்திச் சுத்தம் செய்து, வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கிறேன்.

வெப்பத்துக்கு வருவோம். நீர் 25 முதல் 27 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வெப்பம் நீடித்தால் பவளம் தன் திசுவுக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் கோடையில் நேர்ந்தது இதுதான். கடலில் நடந்தது கூடத்திலும் நடக்கும், இன்னும் விரைவாக நடக்கும். மலிவான முதல் வழி மின்விசிறி. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நாளொன்றுக்குப் பத்து லிட்டர் ஆவியானால், ஆறரை யூனிட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வெளியேறுகிறது. திருச்செந்தூர்க் கரையின் ஈரக்காற்றில் இது அவ்வளவாகப் பலிக்காது. ஆனால் ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று காய்ந்து வீசும் நெல்லைச் சமவெளியில் நன்றாகவே பலிக்கும். சித்திரை, வைகாசிக்கு மட்டும் விசிறி போதாது, சில்லர் என்னும் குளிர்விப்பான் வேண்டும். சில்லர் நீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அறைக்குள்ளேயே கக்குவதால், அதை அலமாரிக்குள் அடைக்காமல் சுவருக்கு வெளியே நிழலில் வைக்க வேண்டும்.

ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவை நன்னீரால் ஈடுசெய்ய மிதவையுடன் கூடிய தானியங்கி ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

அந்த நன்னீர் எது? தாமிரபரணிக் குழாய்நீரில் குளோரின் இருக்கும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் கடினத்தன்மை மிகுதி. சமையலறை ஆர்.ஓ. இயந்திரம் மட்டும் போதாது. அதன் பின்னால், எஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குடுவையும் சேர்த்து, கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சுழியம் காட்டும் நீரையே பயன்படுத்த வேண்டும். உப்பு விஷயத்தில் பலரும் கேட்கும் கேள்வி, தூத்துக்குடி உப்பளம் பக்கத்தில் இருக்க விலையுயர்ந்த செயற்கைக் கடலுப்பு எதற்கு என்பது. உப்பளப் பாத்தியில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடுகின்றன; பிறகு விளைவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு; மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகின்றன. பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் இல்லாத அந்த உப்பைக் கரைத்தால் கடலாகாது. பாறையும் மணலும் பிடிக்கும் இடம் போக, சம்ப்பையும் சேர்த்து மொத்தம் 850 லிட்டருக்குச் செயற்கைக் கடலுப்பு முப்பது கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். உப்பை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பளவு ஆயிரத்துக்கு 35 என்று நிற்க வேண்டும். கரையோரக் கடல்நீரைக் கேனில் கொண்டுவருவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. புன்னைக்காயல் போன்ற முகத்துவாரங்களுக்கு அருகே ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் நீரின் உப்பும் தெளிவும் பெரிதும் மாறிவிடுகின்றன.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, தொட்டிக்கெனத் தனி இணைப்பு, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த் ஆகிய மூன்றும் இல்லாமல் ஈரக்கையோடு எதையும் தொடக் கூடாது. ஒயர்கள் பிளக்குக்குப் போகுமுன் சற்றுக் கீழே தொங்கி மேலேறினால், வழியும் நீர் பிளக்குக்குள் புகாது. இன்வெர்ட்டரில் வேவ் மேக்கர் ஒன்றையாவது இணைத்துவிட வேண்டும். சில்லர் சில மணி நேரம் நிற்கலாம், நீரோட்டம் நின்றால் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மூச்சுத் திணறும்.

உலர்பாறையை அடுக்கி, அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கனிம மணல் பரப்பி, நீர் நிரப்பியபின் பொறுமை ஒன்றே வேலை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முதலிரண்டும் சுழியம் என்று சோதனை காட்டும்வரை மீன் விடக் கூடாது. முதலில் இரண்டு கோமாளி மீன், பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து மென்பவளம். எந்த மீனையும் தனித்தொட்டியில் நான்கு வாரங்களாவது வைத்துப் பார்த்தபின்னரே சேர்க்க வேண்டும், ஏனெனில் வெண்புள்ளி நோய்க்குத் தரும் செம்பு மருந்து பவளத்தைக் கொன்றுவிடும். இதே காரணத்தால் செம்புக் குடமும் பித்தளைக் குழாய் இணைப்பும் இந்த நீர் பக்கமே வரக் கூடாது. ஜோவாந்தஸ் வகைப் பவளங்கள் சிலவற்றில் கடும் நஞ்சு உண்டு. அவை ஒட்டிய பாறையைக் கையுறை, கண்ணாடி அணியாமல் தொடவோ, வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்யவோ கூடாது.

வாரம் ஒருமுறை பத்து விழுக்காடு நீரை மாற்றுகையில், வெளியே எடுத்த உப்புநீரைத் தென்னை மூட்டிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், கழிவுநீர்க் குழாயில் விட வேண்டும்.