ப்ராசஸ் உயிரோடு இருக்கிறதா? செக்பாயிண்ட் லாக் எழுதும் முறை

லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸை உறையவைத்து, அதன் மெமரி, திறந்திருக்கும் ஃபைல்கள், சாக்கெட்டுகள் எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவைத்து (இதுதான் செக்பாயிண்ட் அல்லது டம்ப், எழுதிய ஃபைல்கள் இமேஜ்), வேண்டும்போது எழுப்புவதற்குக் (இது ரீஸ்டோர்) கிரியு என்ற கருவி இருக்கிறது. பாவெல் எமெலியானோவ் 2011-ல் தொடங்கியது. அதன் மேல் எங்கள் குழு கட்டியிருக்கும் சின்ன நிர்வாகக் கருவிக்கு லாக் வடிவமைப்பது என் வேலை. அதே மாதிரி வேலை உங்களுக்கும் வந்தால் இதைப் படியுங்கள்.

லாகைப் படிக்கப்போகிறவர் கோடு எழுதியவர் இல்லை. நைட் ஷிப்டில் இருப்பவர். "ஏன் தோற்றது?" என்பது அவருக்கு இரண்டாவது கேள்விதான். "அந்த ப்ராசஸ் இப்போது ஓடுகிறதா?" என்பதே முதல் கேள்வி. டம்ப் வெற்றி பெற்றால் கிரியு வழக்கமாக ப்ராசஸைக் கொன்றுவிடும், ஓடவிடவோ நிறுத்திவைக்கவோ சொல்லி ஆப்ஷன் கொடுத்தால் மட்டும் விட்டுவைக்கும். டம்ப் தோற்றால் ப்ராசஸ் திரும்ப ஓட ஆரம்பிக்கும். ஆனால் ஃப்ரீசர் சிகுரூப் (ப்ராசஸ் கூட்டத்தை மொத்தமாக நிறுத்திவைக்கும் கெர்னல் வசதி) வழியாக உறையவைத்துவிட்டு, பாதியில் டம்ப் எடுக்கும் கருவியே செத்துப்போனால், பாவம், ப்ராசஸ் உறைந்தபடியே கிடக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் சட்டென்று தெரியாது.

அதனால் ஒவ்வொரு லாகும் ஒரு முடிவு வரியோடு முடிய வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும் (பிஐடி என்பது ப்ராசஸின் எண், எஃப்டி என்பது திறந்திருக்கும் ஃபைல் அல்லது சாக்கெட்டின் எண்):

(00.184213) பிழை | கட்டம்=டம்ப் | உள்பிஐடி=7 வெளிபிஐடி=48213 | எஃப்டி=5 | டிசிபி இணைப்பு திறந்திருக்கிறது
(00.191870) முடிவு | டம்ப்=தோல்வி | ப்ராசஸ்=ஓடுகிறது | இமேஜ்=முழுமையில்லை

இதில் இன்னொரு லாபமும் உண்டு. முடிவு வரியே இல்லாத லாக் கிடைத்தால், கருவி நடுவழியில் செத்திருக்கிறது என்று அர்த்தம். உடனே போய் ஃப்ரீசர் நிலையைப் பார்க்கலாம். "தெரியாது" என்றும் ஒரு மதிப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஊகித்து "ஓடுகிறது" என்று எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்து, எந்தப் பிழையை மேலே அனுப்புவது? கன்டெய்னர் (புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் முறை) உலகில் இருப்பவர்கள், கன்டெய்னரை ஓட்டும் கருவியான ரன்சி காட்டும் அந்தப் புகழ்பெற்ற செய்தியைப் பார்த்திருப்பார்கள்: கிரியு தோற்றது, எர்னோ 0, லாக் ஃபைல் இந்த இடத்தில். எர்னோ என்பது பிழை எண். அது 0 என்றால் பிழையே இல்லை என்றல்லவா பொருள்! சரி என்று லாகைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தால், டம்ப் தோற்றது என்று மட்டும் இருக்கும். அது நமக்கு ஏற்கெனவே தெரியும். உண்மையான காரணம் பல வரிகள் மேலே, முதல் பிழையில் இருக்கும். உள்ளே ஒன்று தோற்க, அதை அழைத்தவர்கள் எல்லாம் வரிசையாகத் தங்கள் பங்குக்கு ஒரு வரி எழுதிவைப்பார்கள். அதனால் முதல் பிழையைத் தனியாகப் பிடித்து வைத்து, அதையே மேலே அனுப்புங்கள். கிரியுவும் ஆர்பிசி (வேறு புரோகிராம் அதை அழைக்கும் வழி) பதிலில் அதைத்தான் செய்கிறது. எர்னோ இல்லாத பிழை என்றால் அந்த ஃபீல்டையே விட்டுவிடுங்கள். இருந்தால், சிஸ்டம் கால் (கெர்னலை அழைப்பது) தோற்ற அடுத்த வரியிலேயே அதை ஒரு வேரியபிளில் எடுத்து வையுங்கள், நடுவில் வேறொரு கால் வந்தால் மாறிவிடும்.

பிஐடி எப்போதும் இரண்டு போட வேண்டும். கன்டெய்னருக்குள் 7 ஆக இருப்பது ஹோஸ்டில் (அதைத் தாங்கும் கணினியில்) 48213. ஒன்றை மட்டும் எழுதினால் படிப்பவர் தப்பான ப்ராசஸைத் தேடிப் போவார். ரீஸ்டோரில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ப்ராசஸ் பழைய பிஐடியிலேயே எழ வேண்டும். அந்த எண்ணை வேறு யாராவது பிடித்து வைத்திருந்தால், கேட்ட எண், அதை வைத்திருப்பவர் பெயர் இரண்டும் செய்தியில் இருக்கட்டும்.

தீர்வு உறுதியாகத் தெரிந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள். திறந்திருக்கும் டிசிபி சாக்கெட்டைப் பார்த்தால் எந்த ஆப்ஷன் கொடுக்கலாம் என்று கிரியு அதே வரியில் சொல்லிவிடுகிறது. எனக்குப் பிடித்த பிழைச் செய்தி அது. உறுதியில்லாத யோசனையை மட்டும் எழுதாதீர்கள், ஆட்கள் அப்படியே காப்பி செய்து ஓட்டிவிடுவார்கள்.

இனி எழுதும் விதம். ரீஸ்டோரில் பல ப்ராசஸ்கள் ஒரே ஃபைலில் எழுதும். அதனால் ஒரு வரியை முழுதாகக் கட்டி, அப்பென்ட் மோடில் (எப்போதும் கடைசியில் சேர்க்கும்படி) திறந்த ஃபைலில் ஒரே ரைட் சிஸ்டம் காலில் எழுதுங்கள். ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் பஃபரை நம்ப வேண்டாம். ஃப்ளஷ் ஆகாத பஃபரோடு ஃபோர்க் செய்தால் (ப்ராசஸ் தன்னையே நகலெடுத்தால்) குழந்தை ப்ராசஸுக்கும் அதே நகல் போகும், ஒரே வரி இரண்டு முறை விழும். அப்புறம், ரீஸ்டோரின் கடைசிக் கட்டத்தில் சி லைப்ரரியே கையில் இருக்காது. முழு எண், ஹெக்ஸ், ஸ்ட்ரிங் இந்த மூன்றை மட்டும் வைத்து எழுதக்கூடிய வடிவமாக இருக்கட்டும். ஜேசன் வடிவத்தில் ஆசை இருந்தால் பின்னால் வேறு கருவி மாற்றிக்கொள்ளட்டும். ஃபைல் பெயரில் புதுவரி எழுத்துகூட வரலாம் என்பதால் எஸ்கேப் செய்தே எழுதுங்கள். என்விரான்மென்ட் மதிப்புகளையும் மெமரியில் இருப்பதையும் லாகில் கொட்டவே கூடாது, பாஸ்வேர்ட் அங்கேதான் இருக்கும்.

லாக் எங்கே போகிறது என்பதிலும் கவனம் தேவை. பைப் வழியாக அனுப்பி, மறுமுனையில் படிக்கிற ப்ராசஸ் நாம் உறையவைத்த ப்ராசஸ் மரத்திலேயே (தாய், குழந்தை ப்ராசஸ்களின் கூட்டத்திலேயே) இருந்தால், பைப் நிரம்பியதும் இரண்டு பக்கமும் நின்றுவிடும். கிரியுவில் வேலை டைரக்டரி தனியாகக் கொடுக்காவிட்டால் லாகும் இமேஜ் டைரக்டரியிலேயே விழும். மெமரி பக்கங்கள் டிஸ்க்கை நிரப்பிவிட்டால், இடமில்லை என்று எழுதவும் இடம் இருக்காது. லாகை வேறொரு பார்ட்டிஷனில் வையுங்கள், முடிவு வரியை மட்டும் சிஸ்டத்தின் பொது லாகான சிஸ்லாகுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.