அந்திக்கு மணக்கிற புகையிலைச் செடி: வீட்டுல வைக்கிறவங்க செய்யக்கூடாத தப்புங்க

சாயங்காலம் 6 மணி வாக்குல எங்க முற்றத்துல வந்து நின்னா தெரியும், பகல் முழுக்க வாடித் தொங்கிட்டு கெடந்த வெள்ளப் பூவெல்லாம் ஒவ்வொண்ணா நிமிந்து அஞ்சு மூலை நட்சத்திரமா விரியும், 7 மணி தாண்டிட்டா வாசனை வாசப்படி வரைக்கும் வந்திரும். நம்ம பிச்சிப்பூ வாசனை வேற, இது வேற, இனிப்பா, நல்லா இருட்டுன பொறவு இன்னும் கூடும். நிகோட்டியானா அலாட்டான்னு பேரு, தெற்கு பிரேசில், அர்ஜென்டினா பக்கத்துச் செடி. வெத்தலையோட போடுற போயிலைக்கு நெருங்கின சொந்தம், ஆனா இத பூவுக்காக மட்டும்தான் வளக்கணும்.

கொள்ளாமேன்னு பாத்துட்டு விதை வாங்கிட்டுப் போனவங்கள்ல பாதிப்பேரு திரும்பி வந்து மணமே இல்ல, இல்லன்னா முளைக்கவே இல்லன்னு சொல்றாங்க. செடி மேல குத்தமில்லங்க, நாம செவ்வந்தி, கேந்தி வளக்குற பழக்கத்துல இதையும் வளக்குறோம், அங்கதான் தப்பு ஆரம்பிக்குது.

மொதல்ல ரகம். கடைகள்ல பாக்கெட்ல செவப்பு, ரோஸ், மஞ்சப்பச்சைன்னு குட்டையான கலப்பு ரகம் கெடைக்கும், பகல்லயும் விரிஞ்சு நிக்கும், பாக்க அழகுதான், ஆனா அதுல பலதுக்கு மணம் ரொம்பக் கம்மி, சிலதுக்கு இல்லவே இல்ல. கலருக்காகவும் குட்டையா நிக்கணும்னும் ரகத்தோட ரகம் கலந்து எடுத்ததுல வாசனை போயிருச்சு. வாசனை வேணும்னா வெள்ளப் பூ, 3 அடிக்கு மேல வளர்ற ரகம், அலாட்டான்னு எழுதியிருக்கிறதா பாத்து வாங்குங்க. சில்வெஸ்ட்ரிஸ்னு இன்னொண்ணு இருக்கு, 5 அடி போகும், நீளக் குழல் மாதிரி பூ கொத்தா கீழ பாத்துத் தொங்கும், அதுக்கும் மணம் உண்டு, ஆனா எலை அகலமா எடத்த அடைக்கும், தொட்டிக்கு ஒத்துவராது.

அடுத்தது விதைக்கிறது, அதிகம் பேரு தோத்துப்போறது இங்கதான். விதை தூசி மாதிரி இருக்கும், விரல் நுனியில ஒட்டுனதுலயே அம்பது நூறு இருக்கும். நம்ம கை பழக்கத்துக்கு கொஞ்சம் மண்ண அள்ளி மேல தூவிருவோம். தூவாதீங்க. இந்த விதைக்கு முளைக்க வெளிச்சம் வேணும், மூடுனா அப்படியே கெடந்துரும். நான் செய்றது, சலிச்ச கோகோபீட்டும் (தேங்காநார்த் தூளு) மண்புழு உரமும் கலந்து ட்ரேயில நெரப்பி, மொத தண்ணி விட்டு நனைச்சிட்டு, விதைய காஞ்ச மணலோட கலந்து மேல தூவி, உள்ளங்கையால லேசா அமுக்கி விட்டுருவேன், அவ்வளவுதான். தண்ணிய பூவாளியில ஊத்துனா விதை எல்லாம் ஒரு மூலையில போயி சேரும், ட்ரேய தண்ணித் தட்டுல வச்சு கீழ இருந்து உறிஞ்ச விடுங்க. 10லருந்து 20 நாளுக்குள்ள பச்சைப் புள்ளி மாதிரி தெரியும். அதுக்குள்ள வெப்ராளப்பட்டு தோண்டிப் பாக்காதீங்க. நாலு எலை வந்ததும் பிரிச்சு நடலாம், செடிக்குச் செடி ஒரு அடியாவது வேணும், நெருக்கி நட்டா காத்தோட்டம் இல்லாம அடி எலை அழுகிரும்.

காலம் பாக்காம விதைக்கிறது இன்னொரு தப்பு. மத்த ஜில்லாக்காரங்க சொல்ற கணக்கு நமக்குச் சரிப்படாது, கன்னியாகுமரிக்கு ஆனி ஆடியில தென்மேற்கும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கும் உண்டு, ரெண்டு மழையும் வாங்குற ஊரு. சின்ன நாத்து மழையில நின்னா அடித்தண்டு கருத்து ஒரே ராத்திரியில சாஞ்சிரும். அதனால ஐப்பசியில சன்ஷேடுக்கு அடியில நாத்து விட்டு, மழை ஓயுற கார்த்திகை கடைசி, மார்கழியில நட்டா தை மாசிக்குப் பூ பாக்கலாம். பங்குனி சித்திரை வெயில்ல மத்தியானத்துக்கு மேல நெழலு விழுற எடம்னா தாங்கும். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம்னா ஆனியில அடிக்கிற காத்துக்கு குச்சி கட்டாம விட்டா மறுநா காலையில செடி படுத்துக் கெடக்கும்.

இனி சொல்றத தயவுசெஞ்சு கவனமா கேளுங்க. இது கத்தரி, தக்காளி, மொளகாய் குடும்பத்துச் செடி. மொத வருஷம் எடம் இல்லன்னு மொளகாய்ச் செடி பக்கத்துலயே வச்சேன். ஒரு மாசத்துல புகையிலை எலையில வெளிர்பச்சையும் கரும்பச்சையுமா திட்டுத் திட்டா வந்துச்சு, நானும் சத்துக் கொறவுன்னு நெனச்சு வேப்பம்புண்ணாக்கு கரைசல் ஊத்திட்டு, பழுத்த எலைய கிள்ளின அதே கையோட மொளகாய்ச் செடியையும் கிள்ளிவிட்டேன், பத்து பதினஞ்சு நாள்ல அதுலயும் அதே திட்டு, குருத்தெலை சுருங்கிப் போச்சு, ஏழு மொளகாய்ச் செடியையும் புடுங்கி எரிக்க வேண்டியதாப் போச்சு. புகையிலைத் தேமல் நோய் வைரஸ் கை, கத்தரிக்கோல் வழியா அப்படித்தான் பரவும். 1898ல பெய்ஜரிங்க்ங்கிற டச்சு விஞ்ஞானி பாக்டீரியா இல்லாத வேறொரு கிருமின்னு சொல்லி வைரஸ்னு பேரு வச்சதே இந்த நோயோட கிருமிக்குத்தான். மருந்து கெடையாது. வாயில போயிலையோ கையில பீடியோ வச்சுப் பழகினவங்க கைய சோப்பு போட்டுக் கழுவாம செடியத் தொட்டாலும் வரலாம், ஏன்னா காஞ்ச எலையிலயும் அந்த வைரஸ் உசுரோட இருக்கும். காய்கறிப் பாத்திய விட்டுத் தள்ளி, தனித் தொட்டியில வைங்க, செத்த செடிய கம்போஸ்ட்ல போடாதீங்க.

எலையத் தொட்டா பசை மாதிரி ஒட்டும். உத்துப் பாத்தா அந்தப் பசையில குட்டிக் குட்டி கொசு, எறும்பெல்லாம் மாட்டிக்கெடக்கும், அது நோய் இல்ல, செடியோட மயிர்ல சுரக்குற பிசின். அத நோய்னு நெனச்சு மருந்தடிச்சவங்க உண்டு. ஆனா வெறுங்கையால ஈரச் செடிய ரொம்ப நேரம் பிடிச்சு வேலை செய்யக்கூடாது, நிகோடின் தோல் வழியா ஏறும், தலைசுத்தும், வாந்தி வரும், புகையிலை வயல்ல வேலை செய்றவங்களுக்கு இது பழைய தொந்தரவு. கிளவுஸ் போட்டுக்குங்க. வீட்டுல தவழுற பிள்ளைங்க இருந்தா, ஆடு மாடு அவுத்து விடுற வீடுன்னா, வேலி இல்லாத எடத்துல வைக்கவே வேண்டாம். எங்க மைனி, "ஒரு கண்ணி கட்டி தலையில வைக்கட்டா"ன்னு கேட்டாங்க. வேண்டாம் மைனி, பறிச்ச ஒடனே தொவண்டு போகும், பசையும் ஒட்டும், மாலை கட்ட தோவாளையில பிச்சியும் மல்லியும் இருக்குல்லா.

அந்திநேரத்துல பூச்சிமருந்து அடிக்கிற பழக்கத்தையும் விட்டுருங்க. இருட்டுன பொறவு தேன்சிட்டு மாதிரி நின்ன எடத்துலயே பறந்துட்டு நீளமான உறிஞ்சுகுழல பூக்குழலுக்குள்ள விடுற பெரிய அந்துப்பூச்சி வரும், சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி) கொடியில புழுவா இருந்ததுதான் அது. இந்த வெள்ளையும் இந்த ராத்திரி மணமும் அதுமாதிரி பூச்சிக்காகத்தான். வெள்ளை ஈ வந்தா மஞ்ச ஒட்டுப்பொறி தொங்க விடுங்க, வேப்பெண்ணெய் அடிக்கணும்னா விடியக்காலையில பூ மேல படாம எலைக்கு அடியில அடிங்க. எல்இடி ஃபோகஸ் லைட்ட பூ மேல திருப்பி வச்சா பூச்சி லைட்டத்தான் சுத்தும்.

கோழிச்சாணம், மீனும் வெல்லமும் புளிக்க வச்ச மீன் அமிலம்னு அள்ளிப் போட்டா எலைதான் முறம் கணக்கா வரும், பூ வராது. மாசத்துக்கு ஒரு தடவ ரெண்டு கை மண்புழு உரம் போதும்.

பூத்து முடிஞ்ச தண்ட வெட்டிவிட்டா பக்கத்துல இருந்து திரும்பக் கெளைச்சுப் பூக்கும், விதைக்கு ஒரே ஒரு தண்ட மட்டும் விடுங்க. காய் காஞ்சு தவிட்டு நெறத்துக்கு வந்ததும் வெடிக்கிறதுக்கு முன்னாடியே பேப்பர் கவர்ல கவுத்து வெட்டிருங்க, விட்டா முற்றம் முழுக்க நாத்தா முளைச்சு நிக்கும், பொறவு மொளகாய்த் தொட்டிக்குள்ளயும் தேடித்தேடிப் புடுங்கணும்.