தேடல் முடிவுகளைக் கொண்டு நாகர்கோவில் தெருக்களின் இணைப்பை வரைதல்

இணைய வரைபடத்தில் நாகர்கோவிலின் சாலைகள் கோடுகளாகத் தெரிந்தாலும், ஊரார் வழி சொல்லப் பயன்படுத்தும் பெயர்கள் எல்லாம் அதில் இருப்பதில்லை. அப்பெயர்களைக் கொண்டே எந்தத் தெரு எதனோடு சேர்கிறது என்று வரைய விரும்புவோர்க்குத் தேடுபொறியின் முடிவுகள் நல்ல மூலப்பொருள். ஆனால் அம்முடிவு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் சொன்ன சாட்சியம் மட்டுமே.

முதலில் ஒரு விரிதாளில் (ஸ்பிரெட்ஷீட்) பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். 30 பெயர்களை எடுத்தால், இரண்டிரண்டாகச் சேர்த்துத் தேட வேண்டிய இணைகள் 435 ஆகிவிடும். 12 பெயர்களுக்கு 66 போதும். ஆகவே வடசேரி, ஒழுகினசேரி, மணிமேடை, வேப்பமூடு, செட்டிகுளம், மீனாட்சிபுரம், கோட்டாறு என நகரின் நடுப்பகுதியில் தொடங்கி, பிறகு வெளிப்புறமாக விரிவாக்குவது நல்லது. ஒரே இடத்துக்குரிய மாற்றுப் பெயர்களையும் அதே வரிசையில் சேர்க்க வேண்டும். செய்திகளில் அண்ணா பேருந்து நிலையம் என்று வருவதைப் பேச்சில் மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்டு என்பார்கள். ஊரின் பெயரையே நாகர்கோவில் என்றும் நாகர்கோயில் என்றும் எழுதுகிறார்கள். பழைய பக்கங்களில் தேசிய நெடுஞ்சாலை 47 என்றிருப்பது, 2010-இல் எண்கள் மாற்றப்பட்ட பின் இம்மாவட்டத்தில் 66 என வழங்கப்படுகிறது. நகரம் மாநகராட்சியானது 2019-இல் என்பதால், அதற்கு முந்தைய செய்திகளைத் தேடும்போது நகராட்சி என்ற சொல்லையே பயன்படுத்துங்கள்.

அடுத்து, இரண்டு பெயர்களையும் தனித்தனியே மேற்கோள் குறிக்குள் இட்டு, ஊர்ப்பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஊர்ப்பெயரை விட்டுவிட்டால், மீனாட்சிபுரம் என்ற பெயர் தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களுக்கு இருக்கிறதோ அத்தனையும் வந்து நிற்கும். முடிவுகளின் எண்ணிக்கை தோராயமான மதிப்பீடு என்பதால், அது பெரிதாக இருப்பதை இணைப்புக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. முடிவின் கீழே தெரியும் சுருக்கத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அதில் இடையே மூன்று புள்ளிகள் இருந்தால், பக்கத்தின் வெவ்வேறு இடங்களில் இருந்த இரு துண்டுகள் அங்கே ஒட்டப்பட்டுள்ளன என்று பொருள். பக்கத்தைத் திறந்து, இரு பெயர்களும் ஒரே வாக்கியத்தில் வருகின்றனவா என்று பார்த்த பிறகே குறிக்க வேண்டும்.

அந்த வாக்கியத்தில் கவனிக்க வேண்டியது வினைச்சொல்லை. 'பிரியும்', 'சேரும்', 'சந்திக்கும்' என்பவை வலுவான சான்று. கடை முகவரிகளில் மலிந்து கிடக்கும் 'அருகில்' என்ற சொல்லோ எதையும் உறுதி செய்வதில்லை. நடுவே நான்கு தெருக்கள் இருந்தாலும் கடைக்காரர் அருகில் என்றுதான் போடுவார். என் கணிப்பில் மிகச் சிறந்த சான்று போக்குவரத்து மாற்ற அறிவிப்புகளே. நாகராஜா கோயில் தைத் தேரோட்டம், கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா போன்ற நாட்களை ஒட்டி வரும் செய்திகளில் வாகனங்கள் எந்தெந்தச் சந்திப்பு வழியாகத் திருப்பி விடப்படும் என்று வரிசையாகச் சொல்லப்பட்டிருந்தால், அந்த வரிசையே ஒரு சங்கிலி இணைப்பாகிவிடும். ஆனால் இடையில் உள்ள சிறு சந்திப்புகளை அறிவிப்பு விட்டுவிடக்கூடும் என்பதால், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனியே ஒருமுறை தேடிச் சரிபார்க்க வேண்டும்.

விரிதாளில் முதற்பெயர், இரண்டாம் பெயர், சான்று வாக்கியம், தேதி, உறுதி என ஐந்து நெடுவரிசைகள் போதும். வரைவதற்குக் கிராஃப்விஸ் போன்ற இலவச மென்பொருள் ஏற்றது. பெயர்களை மேற்கோள் குறிக்குள் இட்டு இடையில் இரண்டு சிறு கோடுகள் போட்டால், தமிழிலேயே படம் வரும். தெருக்களைப் புள்ளிகளாக வைத்து வரைந்தால், மூன்று தெருக்கள் கூடும் ஒரே முச்சந்தி, மூன்று தனிச் சந்திப்புகள் போல முக்கோணமாகத் தோன்றும். அதைத் தவிர்க்க, சந்திப்பின் பெயரையும் ஒரு புள்ளியாக வைத்து அதிலிருந்து மூன்று கோடுகளை இழுங்கள்.

மேம்பாலங்கள் உள்ள பார்வதிபுரத்துக்கும், வெளிப்புறமாக விரிவாக்கி இம்மாவட்டத்தின் இன்னொரு ஊரான மார்த்தாண்டத்துக்கும் வரும்போது மட்டும் தேடலை நிறுத்திவிட்டு நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. ஒரு சாலை இன்னொன்றைக் 'கடக்கிறது' என்று செய்தி சொன்னாலும், மேலே செல்லும் வண்டி கீழே உள்ள சாலைக்குத் திரும்ப முடியாதல்லவா? அங்கே பாலத்தை ஒரு கோடாகவும் அதன் கீழுள்ள அணுகுசாலையை வேறொரு கோடாகவும் பிரித்து, பாலம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மட்டுமே அவற்றை இணைக்க வேண்டும்.