விண்டோஸ் சர்வரின் டெஸ்க்டாப்பை வீட்டுக் கணினியில் திறப்பது எப்படி?

வாடகைக்கு ஒரு விண்டோஸ் சர்வர் எடுத்திருக்கிறீர்கள். இல்லையென்றால், அலுவலகத்தில் ஒரு சர்வரின் விவரங்களைக் கொடுத்து ‘இனி நீங்கதான் பார்த்துக்கணும்’ என்று சொல்லிவிட்டார்கள். அது மும்பையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும், அதன் திரையை உங்கள் லேப்டாப்பில் திறந்து வேலை பார்க்கலாம். தனியாக எதையும் வாங்க வேண்டாம். ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் என்ற மென்பொருள் விண்டோஸிலேயே இருக்கிறது. ஹோம் எடிஷன் வைத்திருப்பவர்களும் பயப்பட வேண்டாம்: அந்தக் கணினிக்குள் இப்படி வெளியிலிருந்து நுழைய முடியாதே தவிர, அதிலிருந்து சர்வருக்குப் போகத் தடையில்லை. மேக் என்றால் ‘விண்டோஸ் ஆப்’, லினக்ஸ் என்றால் ‘ரெம்மினா’.

கையில் இருக்க வேண்டியவை மூன்று: சர்வரின் ஐபி முகவரி (இணையத்தில் அதைக் கண்டுபிடிக்க உதவும் எண்), பயனர் பெயர், பாஸ்வேர்டு.

1. முதலில் ஃபயர்வால்

யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் காவலாளி இது; பலரும் கடைசியில் பார்ப்பதும் இதைத்தான். ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாக 3389 என்ற போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) இயங்குகிறது. சர்வர் கொடுத்த நிறுவனத்தின் கன்ட்ரோல் பேனலில் அந்தப் போர்ட்டைத் திறக்க வேண்டும், ஆனால் உங்கள் வீட்டு ஐபிக்கு மட்டும். ‘எல்லோருக்கும்’ என்று விட்டால், பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் சீக்கிரமே வாசலில் வரிசை கட்டும். 2019-ல் வெளியான புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வழியாக நுழைய, பழைய விண்டோஸ்களில், பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை. ஒரே ஒரு தொல்லை: ரௌட்டரை அணைத்துப் போட்டால் வீட்டு ஐபி மாறிவிடக்கூடும். நேற்றுவரை வேலை செய்தது இன்று திறக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும்.

2. இணைப்பு

விண்டோஸ் கீயோடு ‘ஆர்’ எழுத்தை அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் எம், எஸ், டி, எஸ், சி (mstsc) என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். கம்ப்யூட்டர் என்ற கட்டத்தில் ஐபி முகவரியைப் போட்டு, கனெக்ட்.

3. பயனர் பெயர்

இங்கே விண்டோஸ் உங்கள் சொந்த மின்னஞ்சலைத் தானாகவே போட்டு நிற்கும். அதை வைத்துக்கொண்டு சர்வருக்குள் போக முடியாது. ‘மோர் சாய்சஸ்’ என்பதைத் திறந்து வேறு கணக்கைத் தேர்ந்தெடுத்து, சர்வரின் பயனர் பெயரை அடியுங்கள்; பெரும்பாலும் அட்மினிஸ்ட்ரேட்டர். ஏற்கவில்லையா? பெயருக்கு முன்னால் சர்வரின் கணினிப் பெயரும் ஒரு பின்சாய்கோடும் (\) சேர்த்துப் பாருங்கள். ‘இந்த சர்வரில் உள்ள கணக்கு’ என்று அதற்கு அர்த்தம். பாஸ்வேர்டை காப்பி செய்து ஒட்டினால் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சான்றிதழை நம்பலாமா என்று மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கை வரும். சர்வர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழ் என்பதால் முதல்முறை இது சகஜம். ஐபி சரிதானா என்று ஒருமுறை பார்த்துவிட்டு ‘யெஸ்’ கொடுங்கள்.

4. வெளியே வருவது

திரையின் மேலே ஐபியோடு தெரியும் பட்டையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் இணைப்புதான் துண்டிக்கப்படும். சர்வரில் திறந்துவைத்தவை ஓடிக்கொண்டே இருக்கும். நீளமான பேக்கப் ஓடும்போது இது வசதி. ஆனால் விண்டோஸ் சர்வரில், கூடுதல் உரிமம் இல்லாமல், நிர்வாகத்துக்கு ஒரே நேரத்தில் 2 இணைப்புகள்தான். சைன் அவுட் செய்யாமல் இரண்டு பேர் போய்விட்டால், மூன்றாவதாக வருபவர் அவர்களில் ஒருவரை வெளியேற்றித்தான் நுழைய வேண்டும். வேலை முடிந்தால் ஸ்டார்ட் மெனுவில் சைன் அவுட்.

அதே மெனுவில் இருக்கும் ஷட் டவுன் பக்கம் போகாதீர்கள். முழுத்திரையில் இருக்கும்போது சொந்த லேப்டாப்பை அணைப்பதாக நினைத்து சர்வரை அணைப்பது சுலபம். ‘ஏன் அணைக்கிறீர்கள்’ என்று காரணம் கேட்கும் பெட்டி வந்தால், நீங்கள் நிற்பது சர்வரில், கேன்சல் கொடுங்கள். அணைந்துபோன சர்வரை இங்கிருந்து எழுப்ப வழியில்லை, சர்வர் கொடுத்த நிறுவனத்தின் கன்ட்ரோல் பேனலுக்குப் போய்த்தான் மறுபடி ஓட்ட வேண்டும்.