புதிய விண்டோஸில் பழைய தமிழ்க் கோப்புகளையும் மென்பொருள்களையும் திறப்பது எப்படி?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததால், வீடுகளிலும் அச்சகங்களிலும் பலர் விண்டோஸ் 11க்கு மாறி வருகிறார்கள். மாறிய பிறகு பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடக்கும். என் பெரியப்பா எங்கள் ஊர் அம்மன் கோயிலின் திருப்பணி வரலாற்றை 2004இல் பாமினி எழுத்துருவில் நாற்பது பக்கம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அதைப் புதிய மடிக்கணினியில் திறந்தபோது இதேதான் நடந்தது. பக்கத்துக் கணினிக் கடையில் காட்டினோம். கோப்பு கெட்டுவிட்டது, முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உண்மையில் அதில் ஓர் எழுத்துகூடக் கெட்டிருக்கவில்லை.

காரணத்தை முதலில் புரிந்துகொள்வது நல்லது. பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி எழுத்துரு கணினியில் இருக்கும்வரை அவை திரையில் தமிழாகத் தெரியும். எழுத்துரு இல்லையென்றால் ஆங்கிலமாகவே தெரியும். ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண்கள் இருப்பதால் இந்தச் சிக்கல் எழாது. விண்டோஸ் 2000இலேயே லதா எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழ் வந்துவிட்டாலும், நம் அச்சகங்களும் தட்டச்சு நிலையங்களும் அதன்பின் பல ஆண்டுகள் பழைய எழுத்துருக்களிலேயே வேலை செய்தன. அதனால் அந்தக் காலத்துக் கோப்புகளுக்கு இந்த நிலை வருவது இயல்பே.

முதல் படி: நகல்

எதையும் தொடுவதற்கு முன் கோப்பை வேறொரு பென் டிரைவில் நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். புரியாத எழுத்துகளாகத் தெரியும் நிலையில் அசல் கோப்பைத் திருத்தவோ சேமிக்கவோ கூடாது. இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வேர்டு மென்பொருளின் தானியங்கித் திருத்தம், வாக்கியத்தின் முதலில் நீங்கள் அடிக்கும் சிறிய ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் சிறிய 'எம்' என்பது அகரம், பெரிய 'எம்' என்பது ஆகாரம். ஆகவே வாக்கியத் தொடக்கத்தில் 'அம்மா' என்று சேர்த்தால் அது 'ஆம்மா' ஆகிவிடும். பழைய எழுத்துருவில் திருத்தம் செய்தே ஆகவேண்டும் என்றால், தானியங்கித் திருத்தத்தை முதலில் அணைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: எழுத்துருவின் பெயரைக் கண்டறிதல்

வேர்டு கோப்பாக இருந்தால், புரியாத ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து மேலே உள்ள எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே எழுதப்பட்டிருக்கும். வெறும் உரைக் கோப்பில் எழுத்துருப் பெயர் பதிவாவதில்லை என்பதால் தோற்றத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்: சாதாரண ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நிறைந்திருந்தால் பாமினியாக இருக்க வாய்ப்பு மிகுதி, தலையில் கோடும் புள்ளியும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகள் நிறைந்திருந்தால் அது திஸ்கி, டாப், டாம் ஆகிய குறியீடுகளில் ஒன்றாக இருக்கலாம்.

மூன்றாம் படி: எழுத்துருவை நிறுவுதல்

பழைய கணினி கைவசம் இருந்தால், அதன் சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவை நகலெடுத்துக்கொள்ளலாம். அதே கணினியிலேயே விண்டோஸை மேம்படுத்தியிருந்தால், சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற கோப்புறை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பழைய விண்டோஸின் எழுத்துருக்கள் அதற்குள் இருக்கும். ஆனால் மேம்படுத்திய 10 நாட்களுக்குப் பிறகு விண்டோஸ் அந்தக் கோப்புறையைத் தானே நீக்கிவிடும். எழுத்துருக் கோப்பு கிடைத்ததும் அதன்மீது வலது சொடுக்கு செய்து, எல்லாப் பயனர்களுக்கும் நிறுவும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பயனருக்கு மட்டும் நிறுவினால் சில பழைய மென்பொருள்களின் பட்டியலில் அது தெரியாது. பிறகு வேர்டை மூடித் திறந்தால் தமிழ் தெரியும். தெரிந்த உடனே கோப்பைப் பி.டி.எஃப். ஆகவும் ஒரு பிரதி சேமித்து வையுங்கள்; அடுத்த படியில் சரிபார்க்க அது தேவைப்படும்.

நான்காம் படி: ஒருங்குறிக்கு மாற்றுதல்

படிப்பதற்கு மட்டும் என்றால் மூன்றாம் படியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் தேடவும், மின்னஞ்சலில் அனுப்பவும், கைபேசியில் படிக்கவும் ஒருங்குறிக்கு மாற்றுவதே சரி. இதற்கு என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. பழைய உரையை ஒட்டி, எழுத்துருவின் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து மாற்றினால் போதும். பத்திரம், மருத்துவக் குறிப்பு போன்ற சொந்த ஆவணங்களை முன்பின் தெரியாத இணையதளங்களில் ஒட்டி மாற்றுவதை விட, கணினியில் நிறுவிய மென்பொருளில் மாற்றுவதே பாதுகாப்பானது.

இந்த இடத்தில் அவசரம் கூடாது. கோப்பில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இடையிடையே இருந்தால், மாற்றி மென்பொருள் அவற்றையும் தமிழென்று எண்ணிப் பொருளற்ற எழுத்துகளாக்கிவிடும். ஆகவே வேர்டின் தேடி மாற்றும் வசதியில், ஆங்கில எழுத்துருவில் உள்ளவற்றை எல்லாம் முதலில் சிவப்பு நிறமாக்கிக்கொண்டு, கறுப்பாக உள்ள பகுதிகளை மட்டும் பத்தி பத்தியாக மாற்றுவேன். இன்னொரு பிழை மிகப் பரவலானது. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் 'ள' எழுத்துக்கும் ஒரே வடிவம்தான் என்பதால், 'வெள்ளி' என்ற சொல்லைச் சில மாற்றிகள் வகரத்தின் மேல் ஔகாரக் குறியும் புள்ளியும் ஏறிய பிழைவடிவமாக மாற்றிவிடுகின்றன. திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரிவதால் கண்ணுக்குச் சிக்குவது கடினம். ஆனால் 'வெள்ளி' என்று தேடினால் கிடைக்காது. பெரியப்பாவின் கோப்பில் வெள்ளிக்கவசம், வெள்ளிக்கிழமை, வெள்ளோட்டம் என்று பக்கத்துக்குப் பக்கம் இந்தப் பிழை இருந்தது. துணைக்காலுக்குப் பதில் 'ர' அடித்திருக்கும் இடங்களையும் பி.டி.எஃப். பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

கோப்பே திறக்கவில்லை என்றால்

மிகப் பழைய வேர்டு கோப்புகளைப் புதிய வேர்டு பாதுகாப்பு கருதித் தடுக்கக்கூடும். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் அவை பெரும்பாலும் திறந்துவிடும். 2015இல் வந்த அதன் 4.4 பதிப்பு முதல், பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளையும் அது திறக்கிறது. பக்க அமைப்பு அங்கங்கே கலைந்திருக்கும் என்றாலும், உரையை எடுத்து மாற்றியில் இடுவதற்கு அது போதும்.

பழைய மென்பொருளே வேண்டும் என்றால்

அந்த மென்பொருளின் இயங்கு கோப்பின்மீது வலது சொடுக்கு செய்து, 'பிராப்பர்டீஸ்' சாளரத்தில் 'கம்பாட்டிபிலிட்டி' பகுதிக்குச் சென்று, விண்டோஸ் எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 3 என்பதைத் தேர்ந்தெடுத்து இயக்கிப் பாருங்கள். பல மென்பொருள்கள் இதிலேயே எழுந்துவிடும். விண்டோஸ் 95க்கும் முந்திய 16 பிட் மென்பொருள் என்றால் எந்தத் தெரிவும் உதவாது. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட் அமைப்பு, அதில் 16 பிட் நிரல்கள் ஓடா. அப்போது விர்ச்சுவல் பாக்ஸ் போன்ற மென்பொருளை நிறுவி, அதற்குள் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, உங்களிடம் உரிமமுள்ள பழைய விண்டோஸை அதில் ஏற்ற வேண்டும். எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியே முடிந்துவிட்டதால், அந்த மெய்நிகர் கணினிக்கு இணைய இணைப்புக் கொடுக்காதீர்கள். டாங்கிள் என்னும் பூட்டோடு வந்த மென்பொருளாக இருந்து, அந்த டாங்கிள் பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகும் வகையாகவும் இருந்தால், அந்தப் போர்ட் உள்ள பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி.

வேலை முடிந்ததும் அசல் கோப்பு, அதன் எழுத்துருக் கோப்பு, பி.டி.எஃப். பிரதி, ஒருங்குறிப் பிரதி ஆகிய நான்கையும் ஒரே கோப்புறையில் வைத்து, அதன் பெயரில் ஆண்டையும் எழுத்துருவின் பெயரையும் சேர்த்து எழுதிவையுங்கள். பெரியப்பாவின் கோப்புறைக்கு 'திருப்பணி வரலாறு 2004 பாமினி' என்று பெயரிட்டு, ஒரு நகலைப் பென் டிரைவில் போட்டுக் கோயில் தர்மகர்த்தாவிடம் கொடுத்திருக்கிறோம்.