"கொலுசு எங்க தம்பி?": அனிமேஷனை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் சனி, ஞாயிறுகளில் அனிமேஷன் சொல்லித்தருகிறேன். ஒவ்வொரு பேட்சுக்கும் நாலாவது வாரம் ஒரே வீட்டுப்பாடம்தான். சினிமா, டிவி, கேம், செல்போன் இவற்றில் ஏதாவது இரண்டை எடுத்துக்கொண்டு, அதில் வரும் பாணியையும் அதைப் பார்க்கும் ஆட்களையும் ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதி வரவேண்டும். போன வாரம் பதினோரு தாள் வந்தது. ஒன்பதில், நான் இருபத்திரண்டு வயதில் செய்த அதே கோளாறு. கையெழுத்து மட்டும்தான் வேறு.

"கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கு" என்று எழுதியவர்களை விட்டுவிடுகிறேன். அது தானாகவே சரியாகிவிடும்.

எல்லாவற்றையும் சினிமாத் தராசில் நிறுப்பது

ஒரு பையன் எழுதியிருந்தான்: "டாம் அண்ட் ஜெர்ரிதான் தரமான டிவி கார்ட்டூன். பின்னால் வந்ததெல்லாம் மலிவு. வாய் மட்டும்தான் அசைகிறது." அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நாமெல்லாம் அதை டிவியில்தானே பார்த்தோம்! ஆனால் 1940இல் அது பிறந்தது தியேட்டருக்காக. பெரிய படத்தோடு சேர்த்து ஓட்டிய ஏழு நிமிடத் துண்டுப்படம். காசு கொடுத்து இருட்டில் உட்கார்ந்து, திரையைத் தவிர வேறெதையும் பார்க்க வழியில்லாத கூட்டத்துக்காக வரைந்தது. அதனால்தான் பூனையும் எலியும் பேசாமலே கதை நகர்ந்தது.

1957இல், அதைத் தயாரித்த எம்ஜிஎம் சினிமா கம்பெனி தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய ஹன்னாவும் பார்பராவும் டிவிக்குப் போனார்கள். பழைய செலவில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காத இடம். அங்கே அவர்கள் செய்த யோகி என்ற கார்ட்டூன் கரடிக்குக் கழுத்தில் ஒரு காலரும் டையும் மாட்டிவிட்டார்கள். காலருக்குக் கீழே உடம்பு அப்படியே நிற்கும், மேலே தலையை மட்டும் மாற்றி வரைந்தால் போதும். யாராவது போய் மோதினால் மோதலைக் காட்டமாட்டார்கள். சத்தத்தைப் போட்டு, திரையை ஒரு குலுக்குக் குலுக்குவார்கள். அப்புறம் பேச்சு, ஓயாத பேச்சு. பின்னால் இருந்த ஆட்கள் அதே இரண்டு பேர்தான். ஓடிய இடம் மாறிவிட்டது.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான். பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கடை. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குள் உள்ளூர் கேபிள் சேனலில் ஓட 30 வினாடி கொலுசு விளம்பரம் கேட்டார்கள். அம்மா, மகள், ஒரு வாசல், கோலம். நான் அப்போது சினிமா வெறியில் இருந்தேன். நம் டிவி வினாடிக்கு 25 ஃபிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வந்துபோகும் 25 சட்டகம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு படம் வரைந்தால் 750. இரண்டு பேருக்கும் சேர்த்து 1,500. இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று வைத்திருந்தால் பாதியிலேயே முடிந்திருக்கும். சினிமாவிலேயே நிறைய வேலை அப்படித்தான் நடக்கிறது. நான் கேட்கவில்லை. மகள் ஓடிவரும்போது பாவாடை மடிப்பு காற்றில் அலையவேண்டும் என்று அந்த மடிப்புக்கு மட்டும் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

பண்டிகை முடிந்து ஒன்பது நாள் கழித்துக் கொண்டுபோய்ப் போட்டுக்காட்டினேன். முதலாளி அமைதியாகப் பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். "துணி ஆடறது நல்லாத்தான் இருக்குது. கொலுசு எங்க தம்பி?" என்றார்.

என் மானிட்டரில் தெரிந்த கொலுசு, கடையில் சாமி படத்துக்குக் கீழே இருந்த பழைய டிவியில் பாவாடை விளிம்போடு கலந்து சாம்பல் நிறக் கோடாகிவிட்டது. பேசிய தொகையில் பாதிதான் கொடுத்தார். அதுவே பெரிய மனசு.

அதோடு விட்டிருந்தால் துணியைக் குறைத்திருக்கலாம் என்ற அளவில் பாடம் முடிந்திருக்கும். கொஞ்ச நாள் கழித்து சிவதாபுரத்தில் கொலுசு வேலை செய்யும் ஒரு வீட்டுக்குப் போக நேர்ந்தது. திண்ணையில் நாலு அக்காமார் சலங்கை கோத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே டிவி ஓடுகிறது. ஒருவர்கூடப் பார்க்கவில்லை. கண் முழுக்க விரல் நுனியில். சீரியலில் யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். நாலு தலையும் ஒன்றாக நிமிர்ந்தன. இரண்டு வினாடி. மறுபடி குனிந்துகொண்டன.

அங்கே நின்றபடி என் விளம்பரத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை புல்லாங்குழல். ஒரு சலங்கைச் சத்தம் இல்லை. கொலுசு விளம்பரத்தில் கொலுசுச் சத்தம் இல்லை! படமே பேசிவிடும் என்று 1,500 படம் வரைந்தவன், டிவியைக் காதால் பார்க்கிற வீடுகளை நினைக்கவே இல்லை. யோகியின் வீட்டில் ஏன் அத்தனை பேச்சு, ஏன் மோதலுக்குச் சத்தம் மட்டும் என்பது அந்தத் திண்ணையில்தான் எனக்கு விளங்கியது. அது வெறும் காசு மிச்சம் பிடித்த வேலை என்று இன்னமும் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

சினிமாத் தராசுக்கே ஒரே எடைக்கல் கிடையாது. 2018இல் வந்த ஸ்பைடர்-வெர்ஸ் என்ற ஸ்பைடர்மேன் அனிமேஷன் படத்தில், புதிதாகச் சக்தி பெற்ற பையனைப் பல இடங்களில் இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படமாகவும், கூட ஆடும் அனுபவசாலியை ஃபிரேமுக்கு ஒரு படமாகவும் அசைத்தார்கள். பையன் தடுமாறுவது அதிலேயே தெரியும். படம் குறைந்தால் தரம் குறைந்தது என்று மார்க் போடுகிறவர்கள் இதற்கு என்ன போடுவார்கள்?

கேமை யாரோ ஆடும் வீடியோவில் பார்த்துவிட்டு எழுதுவது

கேம் பற்றி எழுதிய மூன்று பேரில் இரண்டு பேர், "நாயகன் அடிப்பதில் அழகில்லை, வெடுக்கென்று அடிக்கிறான்" என்று குறைப்பட்டிருந்தார்கள். சினிமாவில் அடிக்குமுன் கையைப் பின்னால் இழுக்கவேண்டும், அந்த முன்னசைவில்தான் அடியின் கனம் இருக்கிறது என்று முதல் வாரம் நானே சொல்லித்தந்ததுதான். கேமில் பட்டனை அழுத்துவது ஆடுகிறவரின் விரல். அழுத்தி அரை வினாடி கழித்துக் கை நீண்டால் கட்டைவிரல் மரத்துப்போன மாதிரி இருக்கும். அதனால் நாயகனின் முன்னசைவைச் சுருக்கிவிட்டு, கனத்தை அடி விழுந்த பிறகு காட்டுவார்கள். எதிரிக்கு நேர்மாறு. அவன் கோடாரியை நிதானமாக ஓங்கவேண்டும், நாம் பார்த்துத் தப்பிக்க நேரம் வேண்டுமே. ஒரே திரையில் இரண்டு விதக் கணக்கு. 2017இல் வந்த கப்ஹெட் என்ற கேமில் கையால் வரைந்த உருவங்கள் வினாடிக்கு 24 படத்தில் அசையும், ஆட்டம் வினாடிக்கு 60 ஃபிரேமில் ஓடும். இதெல்லாம் கையில் பிடித்து ஆடினால்தான் பிடிபடும். நண்பனிடம் இரவல் வாங்கியாவது ஆடுங்கள்.

அனிமே என்பது ஒரு பாணி என்று எழுதுவது

அனிமே என்றால் ஜப்பான் அனிமேஷன். 1963இல் வாராவாரம் டிவிக்கு வந்த ஆஸ்ட்ரோ பாய் சிக்கனத்தின் உச்சம். 1988இல் தியேட்டருக்கு வந்த அகிராவுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் செல் ஓவியங்கள், அதாவது கண்ணாடி போன்ற தாளில் தீட்டியவை. இரண்டும் ஜப்பான். அவ்வளவுதான் ஒற்றுமை.

முகத்தைப் பார்த்து வயதைச் சொல்வது

உருண்டைக் கண், பெரிய தலை, மெழுகு பென்சில் கோடு. ஆகவே ஐந்து வயதுக்காரர்களுக்கு. ஷின்-சான் அப்படித்தான் ஏமாற்றும். 1990இல் ஜப்பானில் பெரியவர்கள் வாங்கும் ஒரு வார இதழில் தொடராகத் தொடங்கிய கதை அது. இங்கே குழந்தைகள் சேனலில் வந்து, 2008இல் தடைபட்டு, பிறகு கத்தரிக்குத் தப்பியது மட்டும் திரும்பி வந்தது. கோடு மாறவே இல்லை, பார்க்கும் ஆள்தான் மாறினார்கள். யாருக்கு என்ற கேள்விக்குப் பதில் தேட, எந்த இதழில், எந்த சேனலில், எத்தனை மணிக்கு என்று பாருங்கள்.

60 ஃபிரேமாக மாற்றிப் போட்ட பிரதியைப் பார்த்து டைமிங் பேசுவது

வேண்டாம். நடுவில் கம்ப்யூட்டர் செருகிய படங்கள் அதில் இருக்கும், வரைந்தவர் வைத்த டைமிங் இருக்காது.

செல்போனைக் குட்டி டிவி என்று நினைப்பது

செல்போனுக்கு என்று செய்ததை மாணவர்கள் வகுப்பில் 24 அங்குல மானிட்டரில் போட்டுக்காட்டுகிறார்கள், விளக்கை அணைத்துவிட்டு. அதனால் போன பேட்சை ஏற்காடு பஸ்ஸில் ஏற்றினேன். அவரவர் வேலையை அவரவர் போனில், ஜன்னலோரம், ஹெட்போன் இல்லாமல் பார்க்கவேண்டும். மலை ஏறுவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவு.

இரண்டாவது வளைவிலேயே வெயில் திரையில் விழுந்து, மெல்லிய கோட்டில் வரைந்தவர்களின் உருவங்கள் காணாமல் போயின. எழுத்தைச் சின்னதாகப் போட்டிருந்த பெண் போனை மூக்கு வரைக்கும் கொண்டுபோனாள். பஸ் இரைச்சலில் ஒருவர் வசனமும் கேட்கவில்லை. முகத்தைப் பெரிதாக, கோட்டைத் தடிமனாக, வசனமே இல்லாமல் ஒரு கோழிக்கதை செய்திருந்த பையனுடையது மட்டும் தெரிந்தது. பக்கத்து சீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தார். ஏழாவது வளைவில் அந்தப் பையனே வாந்தி எடுத்துவிட்டான். கண்டக்டர் என்னைத்தான் முறைத்தார்.